வேறொருவர் பெயரைத் தன் பெயராகப் பாடிய ராப்பர்! | ஐந்து சிடிக்குள் ஆரம்பகால ஹிப்-ஹாப்

வணக்கம். ராப் என்றால் என்னவென்று உலகத்துக்கே காட்டிய பாட்டு 'ரேப்பர்ஸ் டிலைட்'. அதில் ஒருவர் தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறார். கேட்கும்போதே ஆட வைக்கும் இடம் அது. ஆனால் அந்தப் பெயர் அவருடையது இல்லை. அந்த வரிகளை எழுதிக் கொடுத்தவருடையது!

அது எப்படி நடந்தது என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்தப் பெட்டியைப் பாருங்கள்.

(பெட்டி கேமராவுக்கு அருகில்)

'தி ஷுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் ஸ்டோரி'. 1997-இல் ரைனோ நிறுவனம் வெளியிட்ட தொகுப்பு, மொத்தம் ஐந்து சிடி. பழைய சிடி விற்கும் கடை ஒன்றில் அடி அடுக்கில் கிடந்தது. ராப் நிறையக் கேட்டவன் நான். அந்த இசையின் தொடக்கத்தை இதில்தான் முதன்முறையாக முழுசாகக் கேட்டேன்.

இதற்கு ஏன் தொகுப்பு வேண்டும்? அந்தக் காலத்தில் ராப் பெரும்பாலும் ஆல்பமாக வரவில்லை. 12 அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு, அவ்வளவுதான். நீளமான பாட்டு, அகலமான பள்ளங்கள், பார்ட்டியில் அதிர அடிக்கும் ஒலி. ஒவ்வொரு தட்டாகத் தேடிப் போனால் ஆயுசு போதாது.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, 1520 செட்ஜ்விக் அவென்யூ. சிண்டி கேம்ப்பெல் நடத்திய பார்ட்டியில் அவருடைய அண்ணன் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றிப் பாட்டுப் போட்டார். ராப் பிறந்த ஹிப்-ஹாப் கலையின் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அப்புறம் ஆறு வருடம் இது முழுக்க நேரடிக் கலை. கேசட்டில் பதிந்து கைமாறியதோடு சரி. 1979-இல் சில்வியா ராபின்சன் என்ற பாடகி, கணவருடன் சேர்ந்து நியூ ஜெர்ஸியின் எங்கிள்வுட்டில் ஷுகர் ஹில் நிறுவனத்தைத் தொடங்கினார். மூன்று பையன்களைச் சேர்த்து 'ஷுகர்ஹில் கேங்' என்று பெயர் வைத்தார். வந்தது 'ரேப்பர்ஸ் டிலைட்'.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஹெட்போன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

(பேஸ் கிட்டார் மட்டும் ஒலிக்கிறது)

இது அந்தக் கோடையில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த, ஷீக் குழுவின் 'குட் டைம்ஸ்' பாட்டின் மெட்டு. அந்தத் தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் நான் பல வருடம் நினைத்தேன். இல்லை! பழைய தட்டிலிருந்து ஒலித்துண்டை எடுத்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் சாம்ப்ளர் கருவிகள் ராப்புக்குள் வராத காலம் அது. ஸ்டுடியோவில் ஆட்களை உட்காரவைத்து, அந்த மெட்டைத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். பேஸ் வாசித்தது சிப் ஷியரின் என்ற 17 வயதுப் பையன். நிறுத்தாமல் 15 நிமிடம், பிசகாமல் வாசிக்க வேண்டும். அதற்கு 70 டாலர் கிடைத்ததாக அவரே பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். இன்று கணினியில் ஒரு துண்டை லூப் போட, அதாவது விடாமல் திரும்பத் திரும்ப ஓடவிட, ஒரு கிளிக் போதும். அன்று லூப் என்பது அந்தப் பையனின் விரல். பாட்டின் நீளம் பதினான்கரை நிமிடம். மேலே மூன்று பேர் மாறி மாறி வெளுத்து வாங்குகிறார்கள், கீழே அந்த விரல்கள் அதே இடத்தில் அதே கனத்தோடு விழுந்துகொண்டே இருக்கின்றன. ஒருமுறை ராப்பைக் காதில் வாங்காமல் பேஸை மட்டும் பின்தொடருங்கள். பத்தாவது நிமிடத்தில் நம் விரலே வலிக்கிற மாதிரி இருக்கும். இந்த ஐந்து சிடியில் பெரும்பாலான பாட்டுகள் இப்படித்தான், மனிதர்கள் வாசித்தவை. பிறகு ஷுகர் ஹில்லின் ஆஸ்தான வாத்தியக்காரர்களாக ஆன டக் விம்பிஷ், ஸ்கிப் மெக்டொனால்ட், கீத் லெப்ளாங்க் மூவருக்கும் இந்த இசையில் ராப்பர்களுக்குச் சமமான பங்கு உண்டு என்பது என் கருத்து.

ஆனால் ஒன்று விடுபட்டுப் போனது. டிஜே! பார்ட்டியில் ராஜாவாக இருந்தவரை ரெக்கார்டிங் என்று வந்ததும் வெளியே நிறுத்திவிட்டார்கள்.

அதற்கான பதிலடி 1981-இல் வந்தது. கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் என்ற டிஜே, தட்டுச் சுழற்றும் மூன்று டர்ன்டேபிள், ஏழு நிமிடம். 'வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பாடகரும் இல்லை, பேண்டும் இல்லை. தட்டுகளும் இரண்டு கைகளும்தான். கை தவறினால் மறுபடி முதலிலிருந்து. இதில் ஊசி தட்டில் உரசும் சத்தம்கூடக் கேட்கிறது. அதற்குள் 'குட் டைம்ஸ்' மெட்டு மறுபடி வருகிறது, இந்த முறை ஷீக்கின் அசல் தட்டிலிருந்தே. கூடவே குவீன் குழுவின் 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்'. அந்தப் பாட்டின் பேஸும் 'குட் டைம்ஸ்' கொடுத்த உந்துதலில் பிறந்ததுதான். அண்ணனையும் தம்பியையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் ஃப்ளாஷ்!

ஃப்ளாஷ் குழுவின் புகழ்பெற்ற 'தி மெசேஜ்' பாட்டும் இதில் இருக்கிறது, அதற்குத் தனி வீடியோ போடவேண்டும். தி சீக்வென்ஸ் குழுவின் மூன்று பெண்கள் 1979-லேயே பாடிய 'ஃபங்க் யூ அப்' பாட்டைத் தவறவிடாதீர்கள். ராப் ஆண்களின் சொத்து என்று யாராவது சொன்னால் அதைப் போட்டுக் காட்டுங்கள்.

இப்போது அந்தப் பெயர். ஷுகர்ஹில் கேங்கில் பாடிய பிக் பேங்க் ஹேங்க் அப்போது ஒரு பீட்சா கடையில் வேலை பார்த்தவர். பிராங்க்ஸின் கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்ற எம்சிக்கு, அதாவது மைக் பிடித்து ராப் செய்பவருக்கு, நிகழ்ச்சிகள் ஏற்பாடு செய்துகொண்டும் இருந்தார். ரெக்கார்டிங் வாய்ப்பு வந்ததும் கேஸிடம் வரிகள் கேட்டார். கேஸ் தன் நோட்டுப் புத்தகத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டார். கேஸுக்கு அப்போது 'கேசனோவா ஃப்ளை' என்றும் ஒரு பெயர். ஹேங்க் அதைக்கூட மாற்றாமல் அப்படியே பாடிவிட்டார்.

'குட் டைம்ஸ்' எழுதிய ஷீக்கின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் வழக்கு என்று கிளம்பியதும், 'ரேப்பர்ஸ் டிலைட்' பாட்டை எழுதியவர்களாக அவர்களுக்குப் பெயர் கிடைத்தது. கேஸுக்குக் கிடைக்கவில்லை. அவருடைய கோல்ட் க்ரஷ் பிரதர்ஸ் குழு ஷுகர் ஹில்லில் ரெக்கார்ட் போட்டதும் இல்லை. அதனால் இந்தப் பெட்டியில் அவர் இருப்பது அந்த இடத்தில் மட்டும்தான், இன்னொருவர் குரலில்.

நீளமான பதிப்பையே கேளுங்கள். கேசனோவா ஃப்ளை என்ற எழுத்துகள் எத்தனையாவது நிமிடத்தில் வருகின்றன என்று கண்டுபிடித்து, பக்கத்தில் கேஸின் பெயரையும் சேர்த்துக் கமெண்டில் போடுங்கள்.