கட்டிக் கொடுத்த பிறகு

(மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் பொறியியல் சேவைத் திட்டக் கண்காட்சியைத் தொடங்கிவைத்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து ஒவ்வொரு மேசையாக நின்று மாணவர்களிடம் பொறுமையாகக் கேள்வி கேட்டு வந்த கல்வி அதிகாரி அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, ஆய்வக உதவியாளர் அவர்களே! ஆய்வக உதவியாளரை மேடையில் பெயருக்குக்கூட விளிப்பதில்லை. ஆனால் இங்கே இருக்கிற ஒவ்வொரு கருவிக்கும் துளை போட்ட டிரில்லிங் மெஷினை ஓடுகிற நிலையில் வைத்திருப்பவர் அவர்தான். அதனால் அவருக்கு இன்னொரு முறை வணக்கம். பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் அவர்கள் தம் உரையில் திட்டத்தில் பங்கேற்ற மாணவர்கள் அத்தனை பேரின் பெயரையும் ஒன்றுவிடாமல் வாசித்தார். தம் பெயரைக் கேட்டதும் பின்வரிசையில் ஒரு பையன் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். அந்த ஒரு காரியத்துக்காகவே தலைவர் அவர்களுக்கு என் நன்றி.

மூன்று விஷயங்கள் பேச வந்திருக்கிறேன். யாருக்காகச் செய்கிறோமோ அவர்களிடம் கேட்பது, ஒன்று. செய்து கொடுத்ததைப் பராமரிப்பது, இரண்டு. இந்த உழைப்புக்கு எப்படி மதிப்பெண் தருவது, மூன்று. மூன்றுக்கும் சேர்த்து எனக்கு ஒரே பழமொழிதான். நான் எந்த மேடை ஏறினாலும் அதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. 'கட்டிக் கொடுத்த சோறும் கற்றுக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?'

பிறருக்கு உதவும் வேலையைச் செய்தபடியே பாடம் கற்பதை இன்று சேவைவழிக் கற்றல் என்கிறோம். அந்தச் சொல் அமெரிக்காவில் 1960களில் புழக்கத்துக்கு வந்தது. பொறியியலில் அதற்கு உருப்படியான வடிவம் கொடுத்தவர்கள் பர்டியூ பல்கலைக்கழகத்தின் லியா ஜேமிசன், எட்வர்டு காயில் என்ற இரண்டு பேராசிரியர்கள். 1995இல் அவர்கள் தொடங்கிய எபிக்ஸ் என்ற திட்டம் பிற்பாடு உயர்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரே குழுவில் முதலாண்டு மாணவரும் இறுதியாண்டு மாணவரும் சேர்ந்து இருப்பார்கள். மூத்தவர் படிப்பை முடித்துப் போனாலும் வேலை நிற்காது. அவர்களுடைய வடிவமைப்புப் படிநிலைகளும் பொருளை ஒப்படைப்பதோடு முடிவதில்லை. அதற்குப் பிறகு பராமரிப்பு என்று ஒரு படி, பொருளை ஓய்வுபெறச் செய்வது என்று இன்னொரு படி. நம் திட்ட அறிக்கைகளில் அந்த இரண்டு படிகளையும் நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது ஒரு சம்பவம். கொஞ்சம் நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு நான் வழிகாட்டியாக இருந்தேன். சிறப்புக் குழந்தைகள் பள்ளி ஒன்றுக்குப் பொம்மை செய்து தருவது திட்டம். கடையில் கிடைக்கும் பேட்டரி பொம்மைதான், மேளம் கொட்டும் யானை. அதன் சுவிட்ச் வயிற்றுக்கடியில் கடுகளவு இருக்கும். விரல் சொன்னபடி கேட்காத குழந்தைக்கு அது எட்டாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு சின்னச் செப்புத் தகடு, நடுவில் ஓர் அட்டைத்துண்டு. இதைப் பேட்டரிக்கும் தொடுமுனைக்கும் இடையில் செருகிவிட்டு, தகடுகளிலிருந்து இரண்டு ஒயரை வெளியே எடுத்துப் பெரிய பட்டன் ஒன்றில் சேர்க்க வேண்டும். அப்புறம் பட்டனை அழுத்தினால்தான் யானை மேளம் கொட்டும்.

பிள்ளைகள் உள்ளங்கை அகலத்தில் சிவப்புப் பட்டன் செய்தார்கள். அழகாக இருந்தது. எடுத்துக்கொண்டு போனோம். மூளை முடக்குவாதம் உள்ள ஏழு வயதுப் பெண் குழந்தை, சக்கர நாற்காலியில் இருந்தாள். பட்டனை அவள் மடியில் வைத்தார்கள். அவள் கை இறுகி இறுகி நெஞ்சுப் பக்கமே போனது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். யாரும் பேசவில்லை. அப்போது அவளுடைய அம்மா மெதுவாகச் சொன்னார்: "அவளுக்குக் கை வராது தம்பி. தலையத் திருப்புவா. வலப்பக்கம் நல்லாவே திருப்புவா."

அந்த அம்மாவிடம் அதற்கு முன் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆசிரியையிடம் கேட்டோம், இணையத்தில் பார்த்தோம், பட்டனின் நிறத்தைப் பற்றி அரை நாள் விவாதித்தோம். குழந்தையைப் போய்ப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். இப்போது பட்டன் நாற்காலியின் தலைச்சாய்வில் வலப்பக்கம் இருந்தது. ஸ்பிரிங்கை இளக்கி, மேலே ஸ்பான்ஜ் ஒட்டியிருந்தார்கள். அவள் தலையைத் திருப்பினாள். யானை மேளம் கொட்டியது. சத்தம் வந்த பக்கம் பார்க்க அவள் தலை நேரே வந்ததும் யானை நின்றுவிட்டது. மறுபடி திருப்பினாள், கொட்டியது. நான்காவது தடவை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள் பாருங்கள், நிறுத்தியது தான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது! அந்த ஐந்து பிள்ளைகளில் ஒருவன் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

சரி, கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாக இறங்கிப் போய்விடுவேன். ஒன்றரை வருடம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். யானை அலமாரி மேல் பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. ஐந்து மாதமாக ஓடவில்லையாம். "பிள்ளைங்க பரீட்சைக்குப் படிச்சிட்டு இருப்பாங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டோம் சார்" என்றார் ஆசிரியை. செய்த பிள்ளைகளோ அதற்குள் ஆளுக்கொரு கல்லூரிக்குப் போய்விட்டார்கள். யானையை வாங்கி வந்து பட்டன் பெட்டியைத் திறந்தால், ஒரே ஒரு சால்டரிங் விட்டுப்போயிருந்தது. நாற்காலி நகரும்போதெல்லாம் ஒயர் இழுபட்டிருக்கிறது. பெட்டிக்குள் ஒயரில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தால் அந்த இழுப்பு சால்டரிங்கில் விழுந்திருக்காது. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி பத்து நிமிடத்தில் ஒட்டி, முடிச்சும் போட்டுக் கொடுத்தாள். பத்து நிமிட வேலைக்கு ஆள் இல்லாமல் அந்தக் குழந்தைக்கு ஐந்து மாதம் போய்விட்டது. கட்டிக் கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இது பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்கிற தவறு என்று நினைக்காதீர்கள். இந்தியா மார்க் 2 என்ற கைப்பம்பு உலகம் முழுக்கப் போன பம்பு, உறுதியானது. ஆனால் உள்ளே பிஸ்டனில் தேய்ந்த வாஷரை மாற்ற வேண்டுமானால் ஆழ்துளைக்குள் இறங்கியிருக்கிற குழாய் முழுவதையும் வெளியே தூக்க வேண்டும். அதற்கு ஆட்களும் கனமான கருவிகளும் வேண்டும். அடுத்து வந்த மார்க் 3இல் குழாயின் விட்டத்தைப் பெரிதாக்கினார்கள். பிஸ்டனை மட்டும் குழாய் வழியாகவே மேலே இழுத்துவிடலாம். தண்ணீர் எடுக்கிற மக்களே பழுது பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் யோசித்ததால் வந்த மாற்றம் அது. மாணவர்களே, உங்கள் வரைபடத்தில் 'இதை யார், எந்த ஸ்குரூடிரைவரை வைத்துத் திறப்பார்கள்' என்ற கேள்விக்குப் பதில் எங்கே இருக்கிறது?

மூன்றாவது மேசையில் சக்கர நாற்காலிச் சாய்தளம் ஒன்று பார்த்தேன். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவை ஒழுங்காகப் பிடித்திருக்கிறார்கள். 15 சென்டிமீட்டர் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளம். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தும் இருக்கிறார்கள், பாராட்டுகள். வழுக்காமல் இருக்க மேலே ஒட்டிய பட்டை தேய்ந்தால் யார் மாற்றுவது என்று கேட்டேன். குழுத் தலைவி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள், அவர் எதிரில் இருந்தவரைப் பார்த்தார்.

ஆகவே கல்வி அதிகாரி அவர்களிடமும் தலைமையாசிரியர் அவர்களிடமும் நான் வேண்டுவது, வாரத்தில் ஒரு பாடவேளையைப் பழுதுபார்ப்பு வேளை என்று கால அட்டவணையில் எழுதுங்கள். மற்ற பாடம் அதைக் கடன் வாங்கக் கூடாது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நோட்டு வையுங்கள். மின்சுற்றுப் படம், உதிரிப் பாகங்கள், பள்ளியின் தொலைபேசி எண், எந்த வகுப்பு எந்த வகுப்பிடம் ஒப்படைத்தது என்ற கையெழுத்து, எல்லாம் அதில் இருக்கட்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருவராவது இல்லாத குழுவை ஏற்காதீர்கள். பொருட்செலவில் ஒரு பகுதியை உதிரிப் பாகங்களுக்கென்று முதலிலேயே ஒதுக்குங்கள். போன வருடம் கொடுத்த கருவி ஓடவில்லை என்றால் இந்த வருடம் புதுத் திட்டத்துக்கு அனுமதி தராதீர்கள். கடுமையாகத் தெரியலாம். அலமாரி மேல் அந்த யானையைப் பார்த்த எனக்கு இதுகூடக் குறைவாகத்தான் தெரிகிறது.

மதிப்பெண் பற்றியும் பேசுவதாகச் சொன்னேன். தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார், அதைக் கல்வி அதிகாரி அவர்களிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

நுழைவாயிலருகே உள்ள மேசையில் பன்னிரண்டு வெற்று நோட்டுகள் கொண்டுவந்து வைத்திருக்கிறேன், குழுவுக்கு ஒன்று. 'கட்டிக் கொடுத்த சோறு' என்று அட்டையில் எழுதியிருக்கிறேன். போவதற்கு முன்னால் முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். அதற்குக் கீழே, அடுத்த வருடம் அந்தக் கருவியைத் திறக்கப்போகிற தம்பி தங்கையின் பெயரையும் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.