சந்தேகத்துக்கு இரண்டு வினைச்சொல்

(பள்ளி ஆங்கில மன்ற விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, வேறொரு கூட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிற பேரூராட்சித் தலைவர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களே, கிளை நூலகத்தின் நூலகர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பேரூராட்சித் தலைவருக்குத் தனியாக ஒரு நன்றி. போன மாதம் நூலகத்துக்கு இரண்டு மின்விசிறி வேண்டும் என்று கேட்டேன். ஒரே வாரத்தில் மாட்டிக் கொடுத்தார். இன்றைக்கும் அவரிடம் ஒன்று கேட்கப் போகிறேன், அதனால்தான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். எனக்குச் சால்வை போர்த்திய தமிழாசிரியர் ஐயாவுக்கும், மைக்கைச் சரிசெய்து கொடுத்த பத்தாம் வகுப்பு மாணவனுக்கும் நன்றி.

அழைப்பிதழில் என் தலைப்பை ‘ஒரே பொருள் தரும் ஆங்கில வினைச்சொற்கள்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அதைப் பற்றி மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்தேன். ஒன்று, ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் இரண்டு மூன்று ஆங்கில வினைகள் ஒளிந்திருப்பது. இரண்டு, ஆங்கிலத்தில் ஒரே வேலைக்கு ஏன் இரண்டு சொல் வந்தது என்கிற வரலாறு. மூன்று, இதையெல்லாம் எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வது.

எங்கள் ஆத்தா அடிக்கடி ஒரு பழமொழி சொல்வார்: ‘அரிசி என்று அள்ளிப் பார்ப்பாரும் இல்லை, உமி என்று ஊதிப் பார்ப்பாரும் இல்லை.’ சொற்களை நாம் அப்படித்தான் நடத்துகிறோம். நோட்ஸில் இரண்டு சொல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று வாயில் போட்டுக்கொள்கிறோம். எது அரிசி, எது உமி என்று ஊதிப் பார்ப்பதில்லை.

பிள்ளைகளே, ‘கேள்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இடிச் சத்தம் கேட்டது, பாட்டுக் கேட்டேன், சாரிடம் கேள்வி கேட்டேன். நமக்கு மூன்றும் ‘கேள்’தான். ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று சொல். தானாகக் காதில் விழுந்தால் ஹியர். நீங்களே காதைக் கொடுத்துக் கேட்டால் லிசன். வாயைத் திறந்து கேட்டால் ஆஸ்க். ‘பார்’ என்பதும் இப்படித்தான். கண்ணில் பட்டால் சீ. கண்ணை ஒரு பக்கம் திருப்பினால் லுக். நடப்பதைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் வாட்ச். கிரிக்கெட் ஆட்டத்தை வாட்ச் செய்கிறோம், கரும்பலகையை லுக் அட் செய்கிறோம். ‘சொல்’ என்பதில் சே, டெல் இரண்டும் இருக்கின்றன. யாரிடம் சொன்னீர்கள் என்கிற ஆளை டெல் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ளும்: டெல் மீ. சே அப்படி நிறுத்தாது, நடுவில் ஒரு ‘டு’ வேண்டும். ‘சே மீ’ என்று எழுதினால் தப்பு.

நான் இப்போது இதையெல்லாம் தமிழில்தான் விளக்கினேன். காதைக் கொடுப்பது, கண்ணில் படுவது என்ற பேச்சு நம்மிடமே இருக்கிறது. நம் தொல்காப்பியம், தா, வா என்ற இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல், கொடு என்ற இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்று பிரித்துக் காட்டியிருக்கிறது. எனக்குத் தா, அவனுக்குக் கொடு. கொண்டு வா, கொண்டு போ என்று பிரித்துப் பேசத் தெரிந்த பிள்ளைக்கு பிரிங் எது, டேக் எது என்பதில் பாதி ஏற்கெனவே தெரியும். நம் பிள்ளைகளுக்கு மூளை குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, இப்போது என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். அப்போது எனக்கு 23 வயது. தெற்குச் சீமையில் ஒரு நூற்பு ஆலையில் எழுத்தர். ஒரு மாதக் கடைசியில் இருப்பு எண்ணும்போது ஒரு நூல் பேல், அதாவது ஒரு நூல் பொதி, குறைந்தது. கிடங்குச் சாவி இரவுக் காவலரிடம் இருந்தது. ஐம்பது தாண்டிய மனிதர். எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ராத்திரி ஷிப்டில் எங்களுக்கு டீ வாங்கிவந்து கொடுத்துவிட்டு, மிச்சச் சில்லறையை மேசையில் எண்ணி வைத்துவிட்டுப் போவார். எட்டு வருஷமாக அப்படித்தான்.

தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுத என்னைச் சொன்னார்கள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காக. நான் மனத்தில் நினைத்தது இதுதான்: அண்ணாச்சி எடுத்திருப்பார் என்பது சந்தேகமே. என்னிடம் கடைவீதியில் வாங்கிய நோட்ஸ் ஒன்று இருந்தது. அதில் ‘சந்தேகி’ என்பதற்கு நேரே டவுட், சஸ்பெக்ட் என்று இரண்டையும் போட்டு நடுவில் ஒரு காற்புள்ளி வைத்திருந்தார்கள். இரண்டாவது சொல் கம்பீரமாக இருக்கிறது என்று அதை எழுதினேன். ஐ சஸ்பெக்ட் தட் த வாட்ச்மேன் டுக் த பேல்.

பெரியவர்களே, ஒருவர் எடுத்திருக்க மாட்டார் என்று நினைத்தால் டவுட். அவர்தான் எடுத்திருப்பார் என்று நினைத்தால் சஸ்பெக்ட். தமிழில் இரண்டுமே சந்தேகம். ஆங்கிலத்தில் ஒன்று கிழக்கே போனால் மற்றது மேற்கே போகிறது. நான் அவரைக் காப்பாற்றப் போய்க் குற்றம் சாட்டிவிட்டேன். நாலே நாளில் உத்தரவு வந்தது. அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். 8 வருஷம் வேலை பார்த்த மனிதரை அரிசி என்று அள்ளிப் பார்ப்பாரும் இல்லை, உமி என்று ஊதிப் பார்ப்பாரும் இல்லை.

19 நாள். அதற்கப்புறம் வாங்கிய வியாபாரியே கடிதம் போட்டார், ஒரு பேல் கூடுதலாக வந்திருக்கிறது என்று. லாரியில் ஏற்றும்போது எண்ணிக்கை தப்பியிருக்கிறது. அண்ணாச்சியைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய வீட்டம்மா மோர் கொடுத்தார். அதைக் குடிக்க முடியவில்லை. நான் எழுதியதை அப்படியே சொல்லிவிட்டேன். அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “தம்பி, அந்த 19 நாள் சம்பளத்தப் பிடிச்சிட்டாங்க. நீங்க எழுதித்தான போச்சு? நீங்களே எழுதி வாங்கிக் குடுங்க” என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் மாவட்ட மைய நூலகத்துக்குப் போனேன். ஆங்கில அகராதி மேசைமேல் திறந்தே கிடந்தது. யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை, சாவி கேட்கவில்லை. டவுட் எடுத்தேன், சஸ்பெக்ட் எடுத்தேன், இரண்டுக்கும் கீழே இருந்த எடுத்துக்காட்டு வாக்கியங்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். அன்றைக்கு எழுதிய கடிதத்துக்கு 3 மாதம் கழித்துப் பணம் வந்தது.

வாக்கியத்தோடு சொல்லைக் காட்டுகிற அந்த மாதிரி அகராதிக்கு ஒரு வரலாறு உண்டு. ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் 1924இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனார். சொல்லின் பொருள் தெரிந்தும் அதை வாக்கியத்தில் வைக்கத் தெரியாமல் மாணவர்கள் திணறுவதைப் பார்த்தார். அவரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து செய்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை மறுபடி அச்சிட்டது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்காகவே செய்தது அது. நமக்காகச் செய்தது.

அப்படிப்பட்ட அகராதி நம் பள்ளிகளில் எங்கே இருக்கிறது? நான் சுற்றுவட்டாரத்தில் 4 பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்தேன். மூன்றில் பீரோவுக்குள் இருந்தது, பீரோ பூட்டியிருந்தது. ஒரு பள்ளியில் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அரிசி என்று அள்ளிப் பார்ப்பாரும் இல்லை, உமி என்று ஊதிப் பார்ப்பாரும் இல்லை. ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. கணக்கில் ஒரு புத்தகம் குறைந்தால் கைக்காசைப் போட்டுக் கட்ட வேண்டியிருக்குமோ என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நாம்தான் எடுக்க வேண்டும்.

பேரூராட்சித் தலைவர் அவர்களே, நான் கேட்க வந்தது இதைத்தான். 6ஆம் வகுப்பு முதல் 10ஆம் வகுப்பு வரை ஒவ்வொரு வகுப்பறையிலும் ஓர் ஆங்கில அகராதியும் ஒரு தமிழ் அகராதியும் மேசைமேல் இருக்க வேண்டும். கிழிந்தால் கிழியட்டும், காணாமல் போனால் ஊர் சேர்ந்து வாங்கி வைக்கலாம், ஆசிரியர் கட்ட வேண்டாம். நம் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். இந்த மாநிலத்துக்கு 1948இலேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. ஆகவே கிளை நூலகத்திலும் அகராதி அலமாரிக்குப் பூட்டு வேண்டாம். நூலகர் ஐயா தலையாட்டுகிறார், அவருக்கு நன்றி.

இரண்டாவது செய்தியாக ஆங்கில வரலாறு பேசுவதாகச் சொன்னேன். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வந்து குவிந்தன. ‘தொடங்கு’ என்பதற்கு பிகின் பழைய ஆங்கிலம், கமென்ஸ் பிரெஞ்சு வழி வந்தது. ‘வாங்கு’ என்பதற்கு இருக்கிற பை, பர்ச்சேஸ் என்ற இரண்டும் அப்படியே. வீட்டுப் பேச்சுக்கு ஒன்று, அலுவலகத் தாளுக்கு ஒன்று. அதை விரிவாகச் சொல்ல நேரமில்லை, அடுத்து நடன நிகழ்ச்சிக்குப் பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

மனு இரண்டு பிரதி கொண்டுவந்திருக்கிறேன். ஒன்று வாசல் பக்கம் தண்ணீர்ப் பானை வைத்திருக்கிற மேசையில் இருக்கிறது, இன்னொன்று பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரிடம் இருக்கிறது. போகும்போது பெற்றோர் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். தலைமையாசிரியை அம்மா அனுமதித்தால், பீரோவில் இருக்கிற அகராதியை இப்போதே எடுத்து எட்டாம் வகுப்பு மேசையில் வைத்துவிடலாம். வணக்கம்.