ஏழை சொல் அம்பலம் ஏற ஒரு துண்டுச் சீட்டு

(பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கான ஒருநாள் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஒன்றியக் குழுத் தலைவர் அவர்களே, வரவேற்புரையை ஐந்தே நிமிடத்தில் முடிக்க முடியும் என்று செய்து காட்டிய தலைமையாசிரியை அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் அரங்கைத் திறந்துவிட்ட நூலகர் ஐயா அவர்களே, காலை ஏழு மணிக்கே வந்து நாற்காலி போட்ட சத்துணவு அமைப்பாளர் அம்மா அவர்களே! அழைப்பிதழில் அவர் பெயர் இல்லை. ஆகவே இன்னொரு முறை சொல்கிறேன், சத்துணவு அமைப்பாளர் அம்மா அவர்களே! முன்வரிசை காலியாக இருக்கப் பின்வரிசையைத் தேடிப்போய் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்தீர்கள், அதற்குத் தனி நன்றி.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'குழுவாக முடிவெடுக்க ஐந்து முறைகள்: ஓர் ஒப்பீடு'. பிரெய்ன்ஸ்டார்மிங், பெயரளவுக் குழு முறை, டெல்ஃபி முறை, வேண்டுமென்றே மறுத்துப் பேச ஒரு எதிர்வாதி வைத்துப் பேசுவது, திட்டம் தொடங்கும் முன்பே அது தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு அதற்குப் பிரேதப் பரிசோதனை நடத்துவது. ஐந்தையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் ஐந்துக்கும் அடியில் கிடப்பது ஒரே நோய். அதற்கு நம் பாட்டிமார் வைத்த பெயர் 'ஏழை சொல் அம்பலம் ஏறாது'. ஏழை என்றால் காசில்லாதவர் மட்டும் இல்லை. கூட்டத்தில் வயதில் இளையவர், பதவியில் கீழே இருப்பவர், புதிதாக வந்தவர், அத்தனை பேரும் ஏழைதான். ராக்கெட் விடுகிற இன்ஜினியர்கூட ஒருநாள் இரவு ஏழையாகிப் போனார். அந்தக் கதையைக் கேளுங்கள்.

1986 ஜனவரி 27. மறுநாள் காலை அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் கிளம்ப வேண்டும். ஏழு பேர் போகிறார்கள். அதில் ஒருவர் நம்மைப் போலப் பள்ளிக்கூடத்து ஆள், ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப். புளோரிடாவில் அன்று கடுங்குளிர். பக்கவாட்டு ராக்கெட்டைச் செய்து கொடுத்த தயோகால் கம்பெனி யூட்டா மாநிலத்தில் இருந்தது. அங்குள்ள இன்ஜினியர்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. காரணம் ஒரு ரப்பர் வளையம். வீட்டில் குக்கர் காஸ்கெட் பார்த்திருப்பீர்கள், வேலை அதே வேலைதான். ராக்கெட்டின் துண்டுகள் சேரும் இடத்தில் வாயு கசியாமல் அடைக்க வேண்டும். குளிரில் ரப்பர் விறைத்தால் சட்டென்று விரிந்து அடைக்காது.

இரவில் தொலைபேசி வழியாக மூன்று ஊர்களை இணைத்துக் கூட்டம் போட்டார்கள். 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது சுமார் 12 செல்சியஸுக்குக் கீழே ஏவாதீர்கள் என்பது தயோகாலின் முதல் பரிந்துரை. நாசா அதிகாரி ஒருவர் எரிச்சலோடு கேட்டார், 'எப்போதுதான் ஏவச் சொல்கிறீர்கள், அடுத்த ஏப்ரலிலா?' அந்தக் குரலைக் கேட்டதும் தயோகால்காரர்கள் தங்களுக்குள் பேச ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினார்கள். ஐந்து நிமிடம் அரைமணி நேரமானது. இரண்டு இன்ஜினியர்கள் எழுந்து வந்து படம் வரைந்தும் புகைப்படம் காட்டியும் மன்றாடினார்கள். முகம் கொடுப்பார் இல்லை. இன்ஜினியரிங் பிரிவின் துணைத் தலைவரிடம் அவருடைய மேலாளர் சொன்ன சொல் பின்னால் அமைந்த விசாரணை ஆணையத்தின் பதிவிலேயே இருக்கிறது. 'இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போடுங்கள்.' பிறகு வாக்கெடுப்பு. யார் யாருக்கு வாக்கு? நான்கு மேலதிகாரிகளுக்கு மட்டும். வளையத்தைக் கையில் தொட்டு வேலை பார்த்தவர்களை யாரும் கேட்கவில்லை. மறுபடி தொலைபேசியில் வந்து, 'ஏவலாம்' என்றார்கள். வேறு கருத்து யாருக்காவது உண்டா என்று நாசா தரப்பில் கேட்டார்கள். எந்த ஊரிலிருந்தும் பதில் இல்லை. மறுநாள் காலை 11.38க்குக் கிளம்பிய விண்ணோடம் 73ஆவது வினாடியில் சிதறியது. ஏழு பேரும் போனார்கள்.

ஏழை சொல் அம்பலம் ஏறவில்லை. ஆனால் இன்ஜினியர்கள் பக்கமும் ஒரு குறை இருந்தது. வளையம் சேதமான பயணங்களின் விவரத்தைத்தான் அன்று அலசினார்கள். சேதமில்லாத பயணங்களையும் சேர்த்து ஒரே படத்தில் போட்டிருந்தால் விஷயம் பளிச்சென்று தெரிந்திருக்கும். 65 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்குக் கீழே ஏவிய 4 பயணங்களிலும் சேதம். அதற்கு மேல் ஏவிய 20 பயணங்களில் மூன்றில்தான் சேதம். இதைப் பின்னால் விசாரணை ஆணையம்தான் எடுத்துக் காட்டியது. ஆக, எல்லோரும் வாய் திறந்தால் மட்டும் போதாது. கையில் இருக்கும் கணக்கு முழுதாக மேசைக்கு வர வேண்டும்.

இனி முறைகள். பிரெய்ன்ஸ்டார்மிங்கைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்பார்ன் என்ற விளம்பரத் துறைக்காரர். யாரையும் விமர்சிக்காதே, மனதில் வந்ததையெல்லாம் சொல், எண்ணிக்கை கூடட்டும் என்பது அவர் விதி. கேட்க நன்றாக இருக்கிறது. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். நால்வர் சேர்ந்து உட்கார்ந்து சொன்ன யோசனைகளைவிட, நால்வர் தனித்தனியாக எழுதியதைக் கூட்டினால் கிடைத்தவை ஏறக்குறைய இரு மடங்கு. ஏன்? ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் தோன்றியது மறந்துபோகும், அல்லது 'இதைப் போய்ச் சொல்வதா' என்று கூச்சம் வந்துவிடும். உற்சாகம் ஏற்ற பிரெய்ன்ஸ்டார்மிங் நல்லது. முடிவெடுக்க அதை நம்பாதீர்கள்.

அந்தத் தனித்தனியாக எழுதிய நால்வருக்கு வைத்த பெயர்தான் பெயரளவுக் குழு. அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு 1971இல் டெல்பெக், வான் டி வென் என்ற இருவர் ஒரு கூட்ட முறையை வகுத்துத் தந்தார்கள். இன்று நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது இதுதான். ஐந்து முதல் ஒன்பது பேர் வரை ஒரு குழு. அதற்கு மேல் இருந்தால் பிரித்துவிடுங்கள். கேள்வி பலகையில் இருக்க வேண்டும். 'நம் பள்ளிக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டால் கட்டடம் முதல் கணினி வரை எல்லாம் வரும், எதுவும் நடக்காது. 'என்ன குறை, யார் பொறுப்பு?' என்று இரண்டை ஒன்றாகக் கேட்டால் கூட்டம் சண்டையில் முடியும். 'ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் வளாகத்தில் முதலில் சரிசெய்ய வேண்டியவை எவை?' இது கேள்வி.

பத்து நிமிடம் எல்லோரும் எழுத வேண்டும், பேசக் கூடாது. தலைவரும் எழுத வேண்டும். அவர் கைகட்டி உலாவினால் மற்றவர் பேனாவும் நின்றுவிடும். பிறகு வட்டமாக ஆளுக்கு ஒன்று சொல்ல, சொன்ன வார்த்தையிலேயே பலகையில் எழுதி எண் போட வேண்டும். 'கழிவறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை' என்று ஒரு தாய் சொன்னால் அதை 'சுகாதார வசதி மேம்பாடு' என்று எழுதினீர்களோ, அவர் சொன்னது போயிற்று. தாழ்ப்பாள் ஒரு நாள் வேலை, மேம்பாடு மூன்று வருடக் கோப்பு. அடுத்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்கலாம், வாதாடக் கூடாது. இந்தக் கட்டத்தில் ஆர்வக்கோளாறில் நாலைந்தை ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். சொன்னவர் இரண்டு பேரும் சம்மதித்தால் ஒழியச் சேர்க்காதீர்கள்.

கடைசியாகச் சீட்டு. ஒவ்வொருவரும் ஐந்தைத் தேர்ந்து ஐந்து சீட்டில் தனித்தனியாக எழுதிப் பரப்பி வைக்க வேண்டும். மிக முக்கியமானதற்கு 5 போட்டுக் கவிழ்த்து விடுங்கள். மீதி நான்கில் கடைசியானதற்கு 1. மிஞ்சிய மூன்றில் மேலானதற்கு 4, கீழானதற்கு 2, எஞ்சியதற்கு 3. மேலும் கீழுமாக மாறி மாறிப் போனால் நடுவில் மனம் சோராது. கூட்டும்போது மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஏழு பேர் குழுவில் ஒன்றுக்கு எல்லோரும் ஆளுக்கு 3 போட்டால் 21. இன்னொன்றுக்கு நான்கு பேர் 5 போட்டு, மூன்று பேர் தொடவே இல்லை என்றால் 20. கணக்கில் முதலாவது ஜெயித்துவிட்டது. ஆனால் அந்த நான்கு பேரும் பெண்பிள்ளைகளின் தாய்மார்களாக இருந்தால்? அங்கே நிறுத்தி ஏன் என்று கேட்டு, மறுபடி சீட்டுப் போட வேண்டும். முழுதும் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும்.

டெல்ஃபி முறை 1950களில் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் ராணுவக் கணிப்புக்காகப் பிறந்தது. நிபுணர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவே மாட்டார்கள். வினாத்தாள் போகும், பதில் வரும், பதில்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் மதிப்பைப் பெயரில்லாமல் எல்லோருக்கும் காட்டி மறுபடி கேட்பார்கள். வாரக்கணக்கில் இழுக்கும். பாதியில் ஆள் கழன்றுகொள்வார்கள். நாலாவது சுற்றில் வரும் ஒற்றுமை சில சமயம் அலுப்பினால் வந்த ஒற்றுமை. வாட்ஸ்அப்பில் செய்துவிடலாமே என்பீர்கள். குழுவில் போடும் வழக்கமான வாக்கெடுப்பில் யார் எதற்குப் போட்டார் என்று பெயரோடு தெரியும், பிறகு ஏழை சொல் எங்கே ஏறும்? எதிர்வாதியும் பிரேதப் பரிசோதனையும் பாக்கி. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், மன்னிக்க வேண்டும், அவற்றை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

ஏனென்றால் நான் கேட்க வந்த கோரிக்கை ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள். எண்ணிக்கையில் அம்பலம் உங்களுடையது. ஆனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து முதலில், தீர்மானம் பிறகு என்று நடக்கிற இடங்கள் உண்டு. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்திலேயே குடவோலை இருந்தது என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அது ஆளைத் தேர்ந்தெடுத்த குலுக்கல், கருத்தைக் கேட்ட முறை அல்ல. அதிலும் பொதுவாக, வேலி என்ற பழைய நில அளவில் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த வீடும் இருந்தால்தான் ஓலையில் பெயர். அங்கும் ஏழை சொல் ஏறவில்லை. ஆகவே பேச்சுக்கு முன் பத்து நிமிடம் எழுத்து என்பதை ஒவ்வொரு குழுவும் தன் நடைமுறையாகத் தீர்மானம் போட வேண்டும். பள்ளிக் குழுவோடு நிற்காமல் ஆகஸ்ட் 15 கிராம சபைக்கும் இதைக் கொண்டுபோக வேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல, வெளியூர் ஆசிரியர் ஒருவர் எழுதட்டும், தலைவரின் மைத்துனர் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே நிறப் பேனா. சீட்டுகளைக் குலுக்கிய பிறகே படிக்க வேண்டும். ஒரு ஏ4 தாளை நாலாகக் கிழித்தால் நாலு சீட்டு, இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை.

இதோ, சத்துணவு அமைப்பாளர் அம்மா பின்வரிசையிலிருந்து சீட்டு கொடுத்துக்கொண்டு வருகிறார். கேள்வி பலகையில் இருக்கிறது. பெயர் எழுத வேண்டாம். வட்டாரக் கல்வி அலுவலர் ஐயாவுக்கும் ஒரு சீட்டு உண்டு. பேனா இல்லாதவர்கள் மட்டும் கை தூக்குங்கள். மணி 11.40, பத்து நிமிடம்.