மாட்டுங்காவில் ஒரு நடை

(மும்பை மாட்டுங்காவில் தமிழ் மன்றக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

மன்றத் தலைவர் அவர்களே, நான் பேசுவதற்கு முன்பே நேரத்தை ஞாபகப்படுத்திய செயலாளர் அவர்களே, மூன்று கூட்டங்களை ஒத்திவைத்து வந்திருக்கும் நம் வட்டார மாநகராட்சி உறுப்பினர் அவர்களே, இந்தக் கூடத்தை வாடகையில்லாமல் தந்த பள்ளி நிர்வாகிகளே, முன்வரிசையில் விசிறியோடு இருக்கும் மாமிகளே, பின்வரிசையில் காபி வாசனை பிடித்துக்கொண்டிருக்கும் மாமாக்களே, எல்லோருக்கும் வணக்கம். மே மாதத்து மும்பையில் எனக்குச் சால்வை போர்த்திய அன்பை என் முதுகு மறக்காது. உறுப்பினருக்குத் தமிழ் தெரியாது, பக்கத்தில் இருப்பவர் மராத்தியில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நகைச்சுவையை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள், கோரிக்கை பின்னால் வருகிறது.

இன்று நான்கு விஷயம் பேசப்போகிறேன். மாட்டுங்கா போடப்பட்ட திட்டம், அதன் வீடுகள், மரங்கள், சாப்பாடு. வழிகாட்டி யாரும் வேண்டாம், கையில் ஒரு தாள் வரைபடம் இருந்தால் போதும், இவை நான்கையும் இரண்டு மணி நேரத்தில் நடந்தே பார்க்கலாம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன், என் மனைவி எண்ணிக்கொண்டே வருகிறாள். ஆனால் மாட்டுங்காவில் சுவருக்கும் முன்னால் ஒரு கோடு இருந்தது. 1896இல் பழைய பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் வந்தது. இது பிளேக்தான் என்று கண்டறிந்து சொன்னவர் டாக்டர் அகாசியோ வியெகாஸ். காற்றும் வெளிச்சமும் புகாத ‘சால்’ என்னும் நெருக்கடியான குடியிருப்புகளில் ஜனங்கள் அடைந்து கிடந்த ஊர் அது. அதைச் சரிசெய்யத்தான் 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் பிறந்தது. அந்த டிரஸ்ட் பழைய ஊரைப் பிளந்து கடல் காற்று வர பிரின்சஸ் ஸ்ட்ரீட்டைப் போட்டது. அப்புறம் வடக்கே வந்து தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் நிலங்களை எடுத்துக் கோடு கிழித்தது. முதலில் தெரு, சாக்கடை, தோட்டம். வீடு கடைசியில். நம் ஊர்களில் வீடு முதலில் வரும், சாக்கடை வருகிறபோது வரும்.

கோடு கிழித்தது 1900 வாக்கில் என்றாலும் வீடுகள் பெரும்பாலும் 1920களுக்குப் பிறகுதான் எழும்பின. டிரஸ்டில் பொறியாளராக இருந்த மஞ்சேர்ஜி ஜோஷி அதிகாரிகளிடம் பேசி நடுத்தரப் பார்சிகளுக்காக 103 மனைகளை ஒதுக்க வைத்தார், தாதர் பார்சி காலனி உண்டானது. அங்கே ‘ஃபைவ் கார்டன்ஸ்’ என்கிற ஐந்து தோட்டத்துக்கு இன்று அவர் பெயர்தான். நம்மவர்கள் பக்கத்திலேயே வந்து குடியேறி, கோயில் கட்டி, 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கி, தெருவையே பாதி பாலக்காடு, பாதி கும்பகோணம் ஆக்கினார்கள்.

சரி, நடப்போம். சென்ட்ரல் ரயில்வேயின் மாட்டுங்கா நிலையத்தில் ஆரம்பியுங்கள். 2017 முதல் முழுக்கப் பெண்களே நடத்தும் நிலையம் அது. கிழக்கே இறங்கி, பூக்கடையையும் வாழையிலைக் கட்டையும் தாண்டி கிங்ஸ் சர்க்கிள் வாருங்கள். அங்கே கடைப் பலகையைப் பார்க்காமல் கழுத்தை நிமிர்த்துங்கள். மூலையில் வளைந்து திரும்பும் பால்கனி, ஜன்னலுக்கு மேல் புருவம் மாதிரி நீளும் சஜ்ஜா, மாடிப்படிக்கு வெளிச்சம் விடும் உயரமான கண்ணாடிப் பட்டை, இரும்புக் கிராதியில் உதிக்கும் சூரியன். இதைத்தான் ஆர்ட் டெக்கோ என்கிறார்கள். இதே பாணியில் கட்டிய மரைன் டிரைவ், ஓவல் மைதான வரிசைகளை 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். நாம் அதில் இல்லை. நம் பால்கனிகளில் வேட்டி காய்வது காரணமாக இருக்காது என்று நம்புகிறேன்.

இந்த வீடுகளைப் பார்த்தால் கப்பல் ஞாபகம் வரும். வேண்டுமென்றே அப்படித்தான் கட்டினார்கள். இங்கே என் பெரியப்பா கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

1949 ஜூலை. பெரியப்பா கல்லிடைக்குறிச்சியிலிருந்து வேலை தேடி வந்து தாதரில் இறங்குகிறார். ஒரு கையில் தகரப் பெட்டி, இன்னொரு கையில் அத்திம்பேர் வீட்டுக்கு நூறு அப்பளம். விலாசம் எழுதிய கார்டு சட்டைப் பையில். டிராம் பிடித்து கிங்ஸ் சர்க்கிளில் இறங்கினால் அடைமழை. அப்பளம் நனைந்துவிடக் கூடாதே என்று குடையை அதற்குப் பிடித்தார். பெரியப்பா நனைந்தார், கார்டும் நனைந்தது. எடுத்துப் பார்த்தால் மை முழுக்கக் கரைந்து ஒரே நீலம். ஹிந்தி தெரியாது, மராத்தி தெரியாது. அத்திம்பேர் எழுதியதில் ஒரு வரிதான் நினைவிருக்கிறது: “வீடு கப்பல் மாதிரி இருக்கும், கண்டுபிடிப்பது சுலபம்.” மனுஷர் தலையைத் தூக்கிப் பார்த்தார். வட்டத்தைச் சுற்றி எல்லாமே கப்பல்! “அத்திம்பேர் ஒரு கப்பல் என்றுதான் எழுதினார், இங்கே துறைமுகமே நிற்கிறதே” என்று நடுத்தெருவில் நின்றே சொன்னாராம்.

முதல் கப்பலில் ஏறிக் கதவைத் தட்டினார். ஒரு குஜராத்தி அம்மாள் வந்தார். கட்டைப் பார்த்தார், அப்பளக்காரர் என்று நினைத்து இருபத்தைந்து எடுத்துக்கொண்டு காசைக் கையில் வைத்து ஒரு கப் சாயாவும் கொடுத்தார். மறுத்துச் சொல்லப் பெரியப்பாவிடம் பாஷை இல்லை. இரண்டாவது கப்பலில் ஒரு பார்சி கிழவர், அவருக்கு ஒரு டஜன். மூன்றாவதில் பேரமே நடந்ததாம், விரல்களால். நான்காவது கப்பலுக்கு வரும்போது பாதிக் கட்டு காலி, மழையும் விட்டிருந்தது. அப்போது எதிர்ச் சுவரில், சிமெண்டில் புடைத்த ஆங்கில எழுத்துகள். ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். ‘லட்சுமி விலாஸ்’ என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயரைச் சொன்னால் அந்த வீட்டுக்காரர்கள் இந்தக் கூடத்திலேயே இருக்கிறார்கள். படித்ததும் கார்டில் இருந்த பெயர் ஞாபகம் வந்துவிட்டது. ஓடினார். கதவைத் திறந்த அத்திம்பேர், வா என்றுகூடச் சொல்லவில்லை. “அப்பளம் ஏன் குறைச்சலா இருக்கு?” என்றாராம்.

சிரித்தாயிற்று, இனி என் வழக்கைக் கேளுங்கள். கார்டில் இருந்த பெயர் கரைந்தது, சுவரில் இருந்த பெயர் நின்றது. சுவர் இருந்தால்தான் சித்திரம். போன வருஷம் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தை இடித்தார்கள். செங்கல் குவியலில் ஆங்கில ‘வி’ எழுத்து ஒன்று கிடந்தது. எடுத்து வந்தேன். ஒரு சாண் உயரம், ஓரத்தில் பச்சை பெயிண்ட், சுரண்டினால் அடியில் கிரீம், அதற்கும் அடியில் காவி. மூன்று தலைமுறை பெயிண்டர்கள் அதில் இருக்கிறார்கள். இப்போது என் மனைவி அதை முட்டுக் கொடுத்துத் துளசித் தொட்டியை நிறுத்தியிருக்கிறாள். அந்த இடத்தில் வரப்போகிற அடுக்குமாடிக் கோபுரத்துக்கு வைத்திருக்கும் பெயரை அடுத்த பெரியப்பாவால் வாயில் நுழைக்க முடியாது.

பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் இந்த ரீடெவலப்மெண்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் இரண்டாம் மாடிப் பாட்டியை ஆஸ்பத்திரிக்கு நாலு பேர் நாற்காலியில் வைத்து இறக்குகிறோம். லிஃப்ட் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. மழைக்காலத்தில் எங்கள் கூரையும் ஒழுகுகிறது, கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழுகிறது. நான் கேட்பது ஒரே ஒரு ஷரத்து. குடியிருப்போர் சொசைட்டி பில்டரோடு போடும் ஒப்பந்தத்தில், பெயர் எழுத்துகளையும் வாசல் கிராதியையும் மாடிப்படிக் கைப்பிடியையும் உடையாமல் கழற்றிப் புதுக் கட்டடத்தின் நுழைவில் பொருத்த வேண்டும், பழைய பெயரே தொடர வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு பில்டரிடம் கேட்டேன். “சார், அதற்குப் பதில் பார்க்கிங் ஒன்று கூடத் தருகிறேனே” என்றார். என்னிடம் வண்டி இல்லை. உறுப்பினர் அவர்களே, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், இதுதான் அந்தக் கோரிக்கை. மாநகராட்சி இதை ஒரு விதியாகவே கொண்டுவந்தால் என்ன?

செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். மரமும் சாப்பாடும் பாக்கி. மரங்களைப் பற்றி ஐந்து தோட்டத்து மழைமரத்தடியில் சொல்கிறேன். சாப்பாட்டுக்கு, 1940இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ் வாசலில் வரிசையில் நிற்கும்போது பேச நிறைய நேரம் கிடைக்கும்.

ஞாயிறு காலை ஆறரைக்கு நிலையத்தின் கிழக்கு வாசலில் கூடுவோம். வர முடியாதவர்கள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு இஷ்டப்பட்ட நாளில் தனியாக நடங்கள். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வரைந்தது, காசு கிடையாது. காபி மேஜையில் வரைபடத்துக்குப் பக்கத்தில் நம் கோரிக்கைக்கான கையெழுத்துத் தாள் இருக்கிறது, உங்கள் கட்டடத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பேனாவை நூலால் கட்டி வைத்திருக்கிறேன், போன கூட்டத்தில் மூன்று பேனா காணாமல் போயின.