வெட்டிச் சிறிதாக்கிய ரிவால்வருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

அடுத்த சந்தேகம். கோல்ட் (Colt) என்ற துப்பாக்கிக் கம்பெனியின் பழைய ரிவால்வர் ஒன்றைப் படத்தில் பார்த்தாராம் நம் நேயர் ஒருவர். குழல் குட்டை, ஹாமரில், அதாவது தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியலில், கட்டைவிரலால் இழுக்கும் கொம்பைக் காணோம், டிரிக்கரைச் சுற்றியிருக்கும் வளையத்தின் முன்பக்கத்தையே வெட்டி எடுத்திருக்கிறார்கள். "பார்க்கவே அலங்கோலமாக இருக்கிறதே, இதற்கா சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்கிறார்.

நீங்கள் பார்த்தது ஃபிட்ஸ் ஸ்பெஷல் பாணி. ஜே. ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்ட் என்று ஒருவர், அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டில் இருந்த கோல்ட் கம்பெனியின் ஆள். துப்பாக்கிப் போட்டிகளுக்குப் போய் வீரர்களின் கைத்துப்பாக்கிகளைச் சரிசெய்து கொடுப்பது, போலீஸ்காரர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுப்பது, இதெல்லாம் அவர் வேலை. 1920களில் அவர் யோசித்தது ஒரே விஷயம்தான்: சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ இருக்கும் ரிவால்வர் எங்கும் சிக்காமல் கைக்கு வரவேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் ஹாமர் கொம்பு துணியில் மாட்டும், அதனால் அதை நறுக்கினார். குழலை 2 அங்குலத்துக்குக் குறைத்தார், கைப்பிடியின் அடியை உருட்டினார். பெரிய விரலோ கையுறை போட்ட விரலோ தேடித் தடவாமல் நேராக டிரிக்கருக்குப் போகட்டும் என்று வளையத்தின் முன்பக்கத்தை எடுத்தார். மனிதர் தன் இரண்டு பைகளிலும் இப்படி வெட்டிய .45 நியூ சர்வீஸ் என்ற கோல்ட் ரிவால்வர் ஒவ்வொன்று வைத்திருந்தார், அது எவ்வளவு பெரிய துப்பாக்கி என்று தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும்.

1927இல் கோல்ட் விற்பனைக்குக் கொண்டுவந்த டிடெக்டிவ் ஸ்பெஷல் இந்த யோசனையின் வாரிசு என்று சொல்லலாம். 2 அங்குலக் குழல், ஆறு தோட்டா, ஆனால் வளையம் முழுசாக இருந்தது. சரியான முடிவு. முன்பக்கம் திறந்திருந்தால் பைக்குள் எதுவும் டிரிக்கரில் படலாம், மிச்சமிருக்கும் கம்பி லேசாக உள்ளே வளைந்தால் டிரிக்கரே நகராது. சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளை வெளியே தள்ளும் கம்பியும் குழலோடு சேர்ந்து குட்டையாகிவிடுவதால் கூடுகள் முழுசாக வெளியே வராது, நகத்தால் நோண்டி எடுக்க வேண்டியிருக்கும். பயன்பாட்டுக்கு என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அப்புறம் ஏன் மதிப்பு? சேகரிப்பு உலகத்தில் பழைய துப்பாக்கியில் அரம் பட்டாலே விலை போச்சு, துருப்பிடிக்காமல் இருக்க இரும்புக்குப் போடும் நீலப்பூச்சை மறுபடி போட்டாலே முகம் சுளிப்பார்கள். ஃபிட்ஸ் அதற்கு விதிவிலக்கு. அவர் கையால் வெட்டியது மிகக் கொஞ்சம், அதனால் இங்கே வெட்டுதான் விலை. ஆனால் அவரைப் பார்த்து வீட்டுக் கொட்டகையில் ரம்பம் எடுத்தவர்கள் ஏராளம். அவர்கள் வெட்டியதும் தூரத்திலிருந்து பார்த்தால் இதே மாதிரிதான் இருக்கும்.

கையில் கிடைத்தால் வெட்டிய முனையைப் பாருங்கள். விரலை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகிறதா, அரத்தின் கோடு தட்டுகிறதா? குழல் மேல் இருக்கும் கம்பெனி முகவரி பாதி எழுத்தில் அறுந்து நிற்கிறதா? அப்படி நின்றால் நீளக் குழலை வெட்டியிருக்கிறார்கள் என்று தெரியும், யார் வெட்டினார்கள் என்று தெரியாது. அதற்குக் காகிதம் வேண்டும். வரிசை எண்ணைக் கொடுத்தால் கோல்ட் ஆவணப் பிரிவு பணம் வாங்கிக்கொண்டு ஒரு கடிதம் தரும்: அந்தத் துப்பாக்கி எந்தத் தேதியில், யாருக்கு, எந்தக் குழல் நீளத்தில் போனது என்று. அதில் ஃபிட்ஸ்ஜெரால்ட் பெயர் இருந்தால் கதையே வேறு. சாதாரண 4 அங்குலக் குழலோடு ஏதோ கடைக்குப் போனது என்று மட்டும் இருந்தால், விற்பவர் "எங்கள் தாத்தா சொன்னார்" என்று எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும், வெட்டுப்பட்ட பழைய ரிவால்வருக்கான விலையை மட்டும் கொடுங்கள்.

அதே நேயர் கடைசியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார், தன்னிடம் இருப்பதையும் இப்படி வெட்டினால் விலை ஏறுமா என்று. ஐயா, ரம்பத்தைக் கீழே வையுங்கள்.