தட்டு வரும்போது தலையாட்டாதீர்கள்: செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மெஸ் சாப்பாடு

வணக்கம் மக்களே. மணி 12.20. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லீ பஜாருக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் நிற்கிறேன். மஞ்சள் நெடியும் மிளகாய் நெடியும் சேர்ந்து ஏறி ஏற்கெனவே இரண்டு தும்மல் போட்டாச்சு. அதோ, மூட்டை இறக்கிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போகிறார்களே, அந்த அண்ணன்மார் நுழைகிற கடைக்குத்தான் நானும் போகிறேன்.

கடைப் பெயரைச் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உள்ளே 22 பேர்தான் உட்கார முடியும். போன வருடம் இப்படித்தான் ஒரு சின்னக் கடையைக் காட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பத்து வருடமாக அங்கே சாப்பிடுகிற பெரியவருக்கே இடம் இல்லை. முதலாளி அண்ணன் எனக்கு போன் போட்டுத் திட்டினார். திட்டு நியாயமானதுதான்.

உள்ளே போவதற்கு முன் ஒரு விஷயம். போன மாதம் இதே ஊரில் பெரிய ஏசி ஹோட்டல் ஒன்றில் தனியாகச் சாப்பிடப் போனேன். இலை போட்ட கையோடு தட்டு வந்தது. மெஸ்ஸுக்குப் போய்ப் பழகாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: பெரிய எவர்சில்வர் தட்டு, அதில் பத்துப் பன்னிரண்டு கிண்ணம். சுக்கா, ஈரல், குடல், மூளை, காடை, மீன் என்று அடுக்கி நம் மூக்குக்கு நேரே கொண்டுவந்து காட்டுவார்கள். நாம் கை காட்டுகிற கிண்ணம் மட்டும் மேசையில் இறங்கும். அன்றைக்கு நான் காடையைக் காட்டினேன். சர்வர் பேசிக்கொண்டே இன்னும் இரண்டு கிண்ணத்தையும் சேர்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். சாப்பாட்டோடு கொடுப்பது போலிருக்கிறது என்று நினைத்து நானும் ஒரு வாய் வைத்துவிட்டேன். பில் 1,180 ரூபாய். கேட்டால், "தொட்டா பில்லுதானே சார்" என்றார். ஒற்றை ஆள், மதியச் சாப்பாட்டுக்கு! அன்று முதல் தட்டு வந்தால் முதல் கேள்வி விலைதான். கூச்சப்பட்டால் பர்ஸ் இளைக்கும்.

சரி, உள்ளே வந்தாச்சு. கேமராவை உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன், படம் கொஞ்சம் கோணலாகத்தான் தெரியும். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாச்சு. முட்டைக்கோஸ் பொரியல், ஒரு கூட்டு, அப்பளம். இதில் பேச ஒன்றும் இல்லை. பொரியல் காலையிலேயே செய்தது, ஆறிப்போயிருக்கிறது. மெஸ்ஸில் பொரியலுக்காக யாரும் வருவதில்லை.

இதோ தட்டு. "அண்ணே, பள்ளிபாளையம் எவ்வளவு?" 140. "மீன்?" 90. இரண்டு போதும். மூளையைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

பள்ளிபாளையம் சிக்கனைப் பற்றிக் கொஞ்சம் நேரம் பேசியே ஆக வேண்டும். ஈரோட்டுக்காரர்கள் காவிரிக்கு அந்தக் கரையில் இருந்துகொண்டு தங்கள் ஊர்ச் சரக்கு மாதிரி பேசுவார்கள். பள்ளிபாளையம் இப்போது நாமக்கல் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்பட ஆரம்பித்தது 1997 ஜனவரியில். அதுவரைக்கும் அது நம் சேலம் மாவட்டம்தான் மக்களே. ஆகவே எனக்கும் அதில் பங்கு உண்டு.

இந்தக் கடையில் சமைப்பது முதலாளியின் வீட்டுக்கார அக்கா. போன வாரம் கேமரா இல்லாமல் வந்தபோது அடுப்படி வாசலில் நின்று பார்க்க விட்டார். பஜாரில் வாங்கின நீட்டு மிளகாய். ஒவ்வொன்றாக இரண்டாகக் கிள்ளுகிறார், கிள்ளின முனையை முறத்தில் தட்டுகிறார், விதை பொலபொலவென்று கொட்டுகிறது. ஒரு கை இல்லை, இரண்டு கை நிறைய மிளகாய். "இவ்வளவா அக்கா?" என்று கேட்டேன். "வெதையோட போட்டா வாயில வைக்க முடியாது கண்ணு. தோலு மட்டும்னா வாசனைதான் தூக்கும்" என்றார். கடலை எண்ணெய் காய்ந்ததும் மிளகாய், சின்ன வெங்காயம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அப்புறம் சின்னச் சின்னதாக வெட்டின கோழி, மஞ்சள்தூள், உப்பு. தக்காளி கிடையாது, மசாலாத்தூள் எதுவும் கிடையாது. தண்ணீரைக் கையால் தெளித்து மூடி வைக்கிறார், அவ்வளவுதான். இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பல்லுப் பல்லாகக் கீறின தேங்காய்.

இப்போது என் இலையில் இருப்பதைப் பாருங்கள், கிட்டே காட்டுகிறேன். குழம்பு மாதிரி ஓடவில்லை. எண்ணெய் மட்டும் ஓரத்தில் சிவப்பாகக் கசிந்திருக்கிறது. மிளகாய்த் தோல் சுருண்டு பளபளவென்று இருக்கிறது. தேங்காயைக் கடித்தால் நறுக்கென்று உடைந்து, உள்ளே கோழிச் சாறு இறங்கியிருக்கிறது. நிறைய இடங்களில் இதே பெயரில் சிவப்புக் கலரும் கரம் மசாலாவும் போட்ட வறுவலைக் கொடுக்கிறார்கள். அது நன்றாகவே இருந்தாலும் பள்ளிபாளையம் இல்லை.

மீன், மேட்டூர் அணைக் கட்லா. 1934-இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த அணை, நமக்கு மீனும் கிடைத்தது. துண்டு கொஞ்சம் மெல்லிசு. மசாலா தூக்கல், மீன் ருசி அதில் அமுங்கிப்போச்சு. அடுத்த முறை வாங்க மாட்டேன்.

குழம்புக்கு வருவோம். இங்கே மட்டன் குழம்பு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு மூன்றும் கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள், தனிக் காசு இல்லை. எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற அண்ணன் தட்டுப் பக்கமே திரும்பவில்லை. மூன்று குழம்பையும் மூன்று பாத்தியாகக் கட்டி, ரசத்துக்குத் தனியாக ஒரு குழி பறித்து, 110 ரூபாயில் முடித்துவிட்டு ஏப்பம் விடுகிறார். நான் வ்லாக் எடுக்கிறேன், அவர் சாப்பிடத் தெரிந்தவர். ரசத்தில் பூண்டு தோலோடு தட்டிப் போட்டிருக்கிறது. இரண்டு கை வாங்கிக் குடித்துவிட்டேன்.

பில் 340. வரி என்று தனியாக ஒரு வரியும் இல்லை. ஜிஎஸ்டியில் காம்போசிஷன் என்று ஒரு திட்டம் உண்டு. அதில் இருக்கிற சின்னக் கடைகள் வரியைத் தங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், நம் பில்லில் சேர்த்து வாங்கக் கூடாது. இனிமேல் பில்லைக் கசக்கிப் போடுவதற்கு முன் ஒரு பார்வை பாருங்கள்.

மணி 1.40. குடல் தீர்ந்துவிட்டது, மூளையும் போய்விட்டது, வாசலில் ஆறு பேர் நிற்கிறார்கள். வருவதானால் ஒரு மணிக்குள் வந்துவிடுங்கள். ஆனால் எங்கே வர வேண்டும் என்றுதான் சொல்ல மாட்டேனே!

கிளம்பும்போது அக்காவிடம், மிளகாய் கிள்ளுவதை இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தலையைச் சாய்த்து யோசித்தார். "மூஞ்சி வேண்டாங்கண்ணு, கைய மட்டும் எடுத்துக்கோ" என்று முறத்தை முன்னால் இழுத்துப் போட்டார். இதோ அதைப் போடுகிறேன். பின்னணி இசை சேர்க்கவில்லை, விதை கொட்டுகிற சத்தம் நன்றாகக் கேட்கிறது.