கவரிமானும் இருபது ஷில்லிங்கும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். இங்கிலாந்து உள்நாட்டுப் போரில், 1646 மார்ச்சில், ஹாப்டன் தலைமையிலான மன்னர் சார்ல்ஸின் மேற்குப் படை கார்ன்வாலில் நாடாளுமன்றத் தளபதி ஃபேர்ஃபாக்ஸிடம் சரணடைந்தது கடமையே என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர், "மயிர் நீப்பின் உயிர் வாழாது கவரிமா, கோழைத் தளபதி ஹாப்டனோ ஆளுக்கு 20 ஷில்லிங்குக்கு மானத்தை விற்றார்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அவர் மயிரில் தொடங்கினார். நான் மயிரிழையில் தொடங்குகிறேன்.

பிப்ரவரி 16 இரவு, டெவனில் டாரிங்டன் என்ற ஊர். தெருச் சண்டையில் ஹாப்டன் முகத்தில் ஈட்டி பாய்ந்தது. ஏறியிருந்த குதிரையும் மாண்டது. கோழைக்குக் காயம் முதுகில் அல்லவா ஐயா பட்டிருக்க வேண்டும்? அவருடைய படை ஏறத்தாழ 80 பீப்பாய் வெடிமருந்தைத் தேவாலயத்தில் வைத்திருந்தது. ஊரைப் பிடித்தவர்கள், சிறைப்பட்ட சுமார் 200 பேரை எங்கே அடைத்தார்கள்? அதே தேவாலயத்தில்! நடுவர் அவர்களே, மறுபடியும் சொல்கிறேன்: 80 பீப்பாய் மருந்து, பக்கத்திலேயே 200 மனிதர்கள், எங்கிருந்தோ ஒரு பொறி. கூரையின் ஈயத் தகடுகள் தெருவில் மழையாய்ப் பொழிந்தன. ஃபேர்ஃபாக்ஸ் மயிரிழையில் தப்பினார். உள்ளே இருந்தவர்களுக்கு அந்த மயிரிழையும் கிடைக்கவில்லை.

பிறகு என்ன மிஞ்சியது? மன்னரின் மகன், பதினைந்து வயது இளவரசர், மார்ச் 2 அன்று சில்லித் தீவுகளுக்குக் கப்பலேறிவிட்டார். ஹாப்டனுக்குக் கீழே பணியாற்ற மறுத்த மன்னர் பக்கத் தளபதி கிரென்வில் சிறையில் அடைக்கப்பட்டார். குதிரைப்படையோ, காக்க வேண்டிய ஊர்களையே கொள்ளையடித்து, வேலியே பயிரை மேய்ந்த கதையாக நின்றது. இந்த நிலையில்தான் ட்ரூரோ அருகே ட்ரெசிலியன் பாலத்தில் பேச்சு நடந்தது. குதிரையையும் ஆயுதத்தையும் ஒப்படைத்த வீரனுக்குக் கிடைத்த 20 ஷில்லிங், மானத்தின் விலையல்ல ஐயா, வீடு போய்ச் சேர வழிச்செலவு. கவரிமா விடுவது தன் உயிரை. ஹாப்டன் கையில் இருந்ததோ ஊரார் பெற்ற பிள்ளைகளின் உயிர்.

வெடிமருந்து என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். 1643இல் லான்ஸ்டவுன் போருக்கு மறுநாள் மருந்து வண்டி வெடித்து, உடல் வெந்து, கண் தெரியாமல் கிடந்தவர் அவர். அந்தப் போரில் எதிரே நின்ற வாலர் அவருடைய இளமைக்கால நண்பர். முந்தைய மாதம்தான், பகைவனே இல்லாத இந்தப் போரை வெறுக்கிறேன் என்று வாலர் ஹாப்டனுக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

வீரர்களை வீட்டுக்கு அனுப்பிய ஹாப்டன் தம் வீட்டுக்குப் போகவில்லை. இளவரசரைத் தொடர்ந்து கடல் கடந்தவர், 1652இல் ப்ரூஜ் நகரில், ஊர் திரும்பாமலே கண்மூடினார். ஆனால் அந்த மார்ச்சில் மேற்குச் சீமையில் கதவைத் தட்டி நின்ற மகனிடம், எந்தத் தாய் ஐயா கவரிமானைப் பற்றிக் கேட்டிருப்பாள்?

நன்றி, வணக்கம்.